ஆர்ட்ஸுக்கு ஃபோல்டர் கிடையாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், கல்லூரியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் விடைத்தாள் திருத்துகிற பாவனையில் குனிந்துகொள்வார்கள். குனியட்டும். இந்த விஷயத்தில் என் கோபம் தப்பு என்று இதுவரை ஒருவரும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது நான் வேலை பார்க்கும் கல்லூரி. எனக்கு வீடு திருநின்றவூரில். தினமும் பெரியபாளையம் வழியாக பஸ் மாறிப் போகிறேன். ஆடி மாதமானால் பெரியபாளையத்தில் பஸ்ஸுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. வேப்பிலையும் குழந்தையும் கோழியுமாகக் கூட்டம் ஏறும். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வராது. கல்லூரிக்குள் நுழைந்து லேப் பக்கம் திரும்பினால்தான் வரும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள், ஆனால் கம்ப்யூட்டர் துறையில் இல்லை. தமிழ், வரலாறு, பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு கம்ப்யூட்டர் பாடம் உண்டு. அதை எடுக்க ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான். எங்கள் கல்லூரியில் இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர், ‘ஆர்ட்ஸ் பசங்க’. பி.சி.ஏ. படிக்கிறவர்களுக்குப் பெயர் ‘நம்ம பசங்க’. நான் ஆர்ட்ஸ் பசங்களின் மிஸ் என்பதால் லேபில் எனக்கென்று நாற்காலிகூடக் கிடையாது. நின்றபடியேதான் வகுப்பு எடுப்பேன்.

லேபில் இருப்பவை நல்ல மெஷின்கள்தான், குறை சொல்லக் கூடாது. பி.சி.ஏ. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பாஸ்வேர்டு, ஒரு ஃபோல்டர். இன்று செய்ததை நாளை வந்து திறந்து பார்க்கலாம், திருத்தலாம், மேலே தொடரலாம். ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒரே ஒரு வாசல், அதன் பெயர் ‘கெஸ்ட்’. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளை சொந்தக் கல்லூரியில் விருந்தாளி. அந்த வாசல் வழியாக உள்ளே போய் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் அடிக்கலாம், எத்தனை அட்டவணை வேண்டுமானாலும் போடலாம். மெஷினை அணைத்தால் எல்லாம் போச்சு. மறுபடி போட்டால் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். அப்படித் துடைப்பதற்கென்றே ஒரு மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பென் டிரைவ் செருகுகிற இடத்தில் டேப் ஒட்டியாயிற்று. கெஸ்ட்டுக்கு இன்டர்நெட்டும் இல்லை. பிரின்டர் ஒன்று உண்டு, அது கம்ப்யூட்டர் துறைத் தலைவரின் அறையில் பத்திரமாக இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். வரலாறு படிக்கிற ஒரு பிள்ளை, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்து ஒரு பக்கம் அடிக்கிறது. மணி அடித்ததும் அந்தப் பக்கம் காணாமல் போகிறது. அடுத்த வாரம் முதலிலிருந்து. அதற்கடுத்த வாரமும் முதலிலிருந்து. போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. வேறு எதற்காக ஐயா கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தார்கள்?

ஆனால் மார்க் போட வேண்டுமே. வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டுமே. அதற்கு எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருந்தது. வேலை முடிந்ததும் திரையை ஃபோனில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் மெஷினை அணைக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவரும் அந்தப் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துத்தான் மார்க் போட்டுவிட்டுப் போவார். பிள்ளைகள் இதில் கைதேர்ந்துவிட்டார்கள். டியூப் லைட் திரையில் விழாமல் இருக்க ஒருத்தி போய் ஸ்விட்சை அணைப்பாள், ஒருத்தி துப்பட்டாவை விரித்து ஜன்னல் வெளிச்சத்தை மறைப்பாள், இன்னொருத்தி எடுப்பாள். படம் தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சரி அணைச்சுடு என்பார்கள்.

சும்மா இருந்தேனா என்றால் இல்லை. சேர்ந்த முதல் வருஷமே துறைத் தலைவரிடம் போனேன். மனிதர் தங்கமானவர், குரலை உயர்த்த மாட்டார், டீ சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கத்துகிறவரிடம் திரும்பக் கத்தலாம், டீ கொடுக்கிறவரிடம் என்ன செய்வது? ஆளுக்கொரு ஃபோல்டர் வேண்டாம், வகுப்புக்கு ஒரு ஃபோல்டராவது கொடுங்கள் என்று கேட்டேன். இடம் போதாது என்றார். இடம் இருக்கிறது, நானே பார்த்தேன் என்றேன். வைரஸ் வரும் என்றார். பி.சி.ஏ. பிள்ளைகளுக்கு வராத வைரஸ் என் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி வரும், அது மேஜர் சப்ஜெக்ட் பார்த்துத்தான் வருமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அப்புறம் ரொம்பப் பொறுமையாக, எனக்கு ஏதோ நல்லது சொல்வதுபோல் சொன்னார்: “உங்க பசங்களுக்கு எதுக்கு மேடம் ஃபோல்டர்? பாஸானா போதாதா?”

அந்த ஒரு வார்த்தையை இன்னமும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பாஸாவதற்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். தியரிப் பேப்பரில் எல்லாரும் வெளுத்து வாங்குவார்கள். முதல் தலைமுறைக் கம்ப்யூட்டரில் என்ன இருந்தது, இரண்டாம் தலைமுறையில் என்ன இருந்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஃப்ளாப்பி டிஸ்கின் பயன்கள் யாவை என்று கேள்வி வரும். அதைக் கண்ணால் பார்த்த ஒரு பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது. ஒரு ஃபைலைச் சேமிப்பது எப்படி என்று ஐந்து மார்க் கேள்வி வரும். மெனுவைத் திற, சேவ் என்பதை அழுத்து, பெயர் கொடு, இடத்தைத் தேர்ந்தெடு என்று ஒவ்வொன்றாக எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்குவார்கள். விடைத்தாளில் சேமிப்பார்கள், லேபில் போட்டோ எடுப்பார்கள்.

வெளியே போனால் மெஷினை அணைத்தாலும் ஃபைல் அப்படியே இருக்கும், நம் லேபில்தான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வேன். என் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியும் இருக்கிறேன். அத்தனை தலைகளுக்கு ஒரே திரை. பின் பெஞ்சுக்கு என் முதுகுதான் தெரிந்தது. எல்லாரும் ஆமாம் மிஸ், ஆமாம் மிஸ் என்று தலையாட்டுவார்கள். இவ்வளவு பேர் தலையாட்டுகிறார்களே, புரிந்துவிட்டது என்று நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் வரலாறு மூன்றாம் ஆண்டில் ஒரு பெண் இருந்தாள். பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கரை ஊர். அப்பா ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர், அம்மா பொன்னேரிச் சந்தையில் இறால் விற்கிறவர். வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் பாதி நாள் முதல் பீரியட் போய்விடும். வாய் ஜாஸ்தி. நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் வகுப்பில் முதலில் அவள்தான் விலை கேட்பாள். லேபில் மூன்று பேருக்கு ஒரு மெஷின். அதில் நடு நாற்காலியை ஓடி வந்து பிடித்துக்கொள்வாள், அப்புறம் மவுஸைப் பிடுங்க யாராலும் முடியாது. அட்டவணை போடுவதில் அவளுக்குத் தனி ருசி. கூட்டல் சூத்திரத்தை ஒரு கட்டத்தில் கொடுத்துக் கீழே இழுத்தால் எல்லாக் கட்டத்திலும் விடை வந்து உட்காருமே, அதை முதல் தடவை பார்த்தபோது பக்கத்துப் பெண்ணின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், சந்தோஷத்தில்.

ஒருநாள் மணி அடித்து எல்லாரும் மெஷினை அணைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள். “இன்னா மிஸ் இது? வாரா வாரம் நாங்க போடறது ஏரில போட்ட கல்லு மாரி போய்க்கினே இருக்குது.” நான் துறைத் தலைவரின் அறைப் பக்கம் கையைக் காட்டினேன், வேறென்ன சொல்வது? அவளும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

அவளுடைய அக்கா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் வந்தால் கால் இரண்டும் வீங்கிக் கொலுசு இறங்காதாம். ராத்திரி தங்கச்சிதான் காலைப் பிடித்துவிடுவாள். அந்த அக்கா சம்பளத்தில்தான் இவள் படித்தாள். அதனால் இவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கலெக்டர் ஆகணும், டீச்சர் ஆகணும் என்றெல்லாம் இல்லை. “உக்காந்து பாக்கற வேலையா ஒண்ணு கெட்சா போதும் மிஸ். அக்கா மாரி என்னால நிக்க முடியாது.” அவ்வளவுதான் அவள் கேட்டது.

அப்படி ஒரு வேலை வந்தது. சிப்காட்டில் வேறொரு கம்பெனி, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கிற இடம். ஸ்டோர்ஸ் ஆபீஸில் ஆள் வேண்டும். உள்ளே வருகிற சரக்கு, வெளியே போகிற சரக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பகல் வேலை மட்டும், பொன்னேரி வரை கம்பெனி பஸ். எந்த டிகிரியானாலும் சரி, கடைசி வருஷத்தில் இருந்தாலும் சரி, எக்செல் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். டெஸ்ட் வைப்பார்கள். அவள் தெரியும் என்று எழுதிப் போட்டாள். பொய்யில்லை, அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பேப்பரில் அந்த வருஷம் வரலாற்றுத் துறையிலேயே அவள் மார்க்தான் அதிகம். டெஸ்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, கை ஜில்லுனு இருக்குது பாருங்க மிஸ் என்று என் கன்னத்தில் கையை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள். போடி, உனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கப் போகுது என்று விரட்டினேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தாள். வாய் திறக்கவில்லை. மதியம் அவளை ஸ்டாஃப் ரூம் வராந்தாவுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன்.

கேட்டில் செக்யூரிட்டிக்காரர் எல்லார் ஃபோனையும் வாங்கி, முன்னாலும் பின்னாலும் கேமரா மேல் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தாராம். சிப்காட்டில் நிறைய கம்பெனிகளில் இந்த வழக்கம் உண்டு. உள்ளே எதையும் படம் எடுக்கக் கூடாது. டெஸ்டுக்குக் கூப்பிட்ட மெசேஜ் ஃபோனில் இருந்ததால் ஃபோனைக் கையில் வைத்துக்கொள்ள விட்டார்கள். உள்ளே ஏசி ரூம். ஆளுக்கொரு மெஷின். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மெஷினுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தாள். சரக்குப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து அட்டவணை போடு, கூட்டு, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்து என்றார்களாம். எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடி சேவ் பண்ணிப் பெயரும் கொடுத்தாள். அங்கே இருந்த அதிகாரி, முடித்தவர்கள் சிஸ்டத்தை ஆஃப் பண்ணிவிட்டு வெளியே போய் உட்காரலாம் என்றார்.

ஆஃப் பண்ணிவிட்டு.

அவள் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருஷமாக ஒவ்வொரு வாரமும் ஆஃப் பண்ணினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவள். சேவ் பண்ணினாலும் போகும், பண்ணாவிட்டாலும் போகும். இவர்கள் என்னடா என்றால் ஆஃப் பண்ணிவிட்டு வா என்கிறார்கள். அப்புறம் எதைப் பார்த்து மார்க் போடுவார்கள்? அக்கம்பக்கம் பார்த்தாள். நகத்தால் அந்த ஸ்டிக்கரை உரித்தாள். திரையை ஒரு போட்டோ எடுத்தாள்.

“ஆஃப் பண்ணா பூடும்ல மிஸ்? நான்தான் போட்டேன்னு யாரு நம்புவாங்க?” என்றாள். அதுவரை அழாமல் சொன்னவள் அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

செக்யூரிட்டி வந்துவிட்டது. ஃபோனைப் பிடுங்கினார்கள். யார் அனுப்பினார்கள், எந்தக் கம்பெனிக்கு எடுக்கிறாய் என்று கேட்டார்களாம். ஏரிக்கரையிலிருந்து வந்த பெண்ணைப் பார்த்து, எந்தக் கம்பெனிக்கு உளவு பார்க்கிறாய் என்று! எழுதி வாங்கிக்கொண்டு, போட்டோவை அழித்து, பொழுது சாய்ந்த பிறகுதான் ஃபோனைக் கொடுத்து வெளியே விட்டார்கள். வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் வேலை கிடைக்கலை என்று சொன்னாளாம்.

மறுநாள் காலை நான் கல்லூரிக்குப் போகவில்லை, நேராக அந்தக் கம்பெனிக்குப் போனேன். என் ஃபோனிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஆட்களை எடுக்கிற பிரிவின் அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் லேபில் நடப்பதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கெஸ்ட் வாசல், துடைக்கிற மென்பொருள், டேப் ஒட்டிய ஓட்டை, டியூப் லைட்டை அணைத்து எடுக்கிற போட்டோ, எல்லாம் சொன்னேன். அவர் நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார்.

“மேடம், அந்தப் பொண்ணு ஷீட் கரெக்டா போட்டிருக்கு. சொல்லப்போனா அன்னைக்கு வந்ததுல அதுதான் பெஸ்ட். ஃபைலும் வெச்ச இடத்துலயே இருக்கு. அதனாலதான் கேக்கறேன், போட்டோ எதுக்கு?”

இப்போதுதானே ஐயா இவ்வளவு நேரம் சொன்னேன் என்றேன். அவர் அவளுடைய மார்க் ஷீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். கம்ப்யூட்டர் பேப்பர் மார்க்கின் கீழே விரலை வைத்தார். இவ்வளவு மார்க் வாங்கின, டிகிரி முடிக்கப் போகிற ஒரு பெண், ஆஃப் பண்ணினால் ஃபைல் போய்விடும் என்று நினைக்குமா, இதை நான் மேலே எப்படிச் சொல்வேன், யார் நம்புவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? மூன்று வருஷம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த பெண் ஒரு ஃபைல் பிழைத்து நின்றதைப் பார்த்ததே இல்லை என்பதைவிட, அவள் உளவு பார்க்க வந்தாள் என்பது நம்பக்கூடிய கதையாக இருக்கிறது. உண்மையைச் சொல்லப் போன நான்தான் பெண்ணைக் காப்பாற்றக் கதை கட்டுகிறவள்போல அங்கே உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்கும்போது அவர் பரிதாபப்பட்டு ஒன்று சொன்னார். ஸ்டோர்ஸ் ஆபீஸ் முடியாது, ஸ்டிக்கரை உரித்தது ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது. ஆனால் பேக்கிங்கில் ஆள் தேவை இருக்கிறது, வேண்டுமானால் வரச் சொல்லுங்கள், அங்கே ஃபோனையே உள்ளே விட மாட்டோம், அதனால் பிரச்சினை இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, வெயிலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோதுதான் எனக்குக் கோபம் முழுசாக வந்தது.

அதே கோபத்தோடு கல்லூரிக்குப் போய் முதல்வர் அறைக்குள் நுழைந்தேன். துறைத் தலைவரையும் கூப்பிடச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். இனியாவது ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு ஃபோல்டர் திறந்து விடுங்கள், ஒரு உத்தரவு போட்டால் இன்று சாயங்காலத்துக்குள் முடிகிற வேலை என்றேன். முதல்வர் கவலையோடு கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கவலை வேறு. அந்தக் கம்பெனியில் நம் கல்லூரியின் பெயரைச் சொன்னீர்களா மேடம் என்று கேட்டார். மார்க் ஷீட்டிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறதே சார் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துறைத் தலைவர் எனக்கு டீ சொன்னார். நான் குடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அந்த ரோஷமாவது எனக்கு மிச்சம்.

அந்த வாரக் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. நடவடிக்கை எடுத்துவிட்டார்கள், சும்மா சொல்லக் கூடாது. இனிமேல் மற்ற துறை மாணவர்கள் லேபுக்குள் ஃபோன் கொண்டுவரக் கூடாது. அவ்வளவுதான். ஃபோல்டர் பற்றி ஒரு வரி இல்லை. கெஸ்ட் வாசல் அப்படியே, துடைக்கிற மென்பொருள் அப்படியே. இப்போது அந்தப் போட்டோவும் இல்லை. அப்படியானால் மார்க்குக்கு அத்தாட்சி? அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள், திரையில் தெரிவதை நோட்டில் வரைந்து காட்ட வேண்டும். இன்றுவரை என் பிள்ளைகள் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு எக்செல் கட்டங்களைக் கோடு போட்டு வரைகிறார்கள். கூட்டலை மனசிலேயே போட்டு விடையை எழுதுகிறார்கள். நீட்டாக வரைகிறவர்களுக்கு மார்க் அதிகம். இதைச் சொன்னால் எனக்குக் கோபம் அதிகம் என்கிறார்கள்.

பேக்கிங் வேலையைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சொன்னேன். அந்த வேலைக்கே போறேன் மிஸ் என்றாள். அக்காவுக்கு அதற்குள் நிற்கவே முடியாமல் போய், அவள் வேலையை விட்டு வீட்டில் இருந்தாள். வீட்டில் யாராவது ஒருத்தர் நின்றுதான் ஆக வேண்டும்.

கடைசித் தேர்வு முடிந்த அன்று, வேலையில் சேர ஆதார் நகலும் மற்ற நகல்களும் வேண்டும் என்று கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நகல் எடுத்து முடித்ததும் அவளைக் கிளம்ப விடவில்லை. கடைக்காரரிடம் ஒரு மெஷின் கேட்டு அவளை அதற்கு முன்னால் உட்கார வைத்தேன். அன்று டெஸ்டில் போட்ட அதே அட்டவணையைப் போடு என்றேன். எதுக்கு மிஸ், எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே என்றாள். போடுடி என்று அதட்டினேன். நினைவிலிருந்தே போட்டாள். சரக்குப் பெயர்கள்கூட அவளுக்கு மறக்கவில்லை. கூட்டினாள், வரிசைப்படுத்தினாள், பெயர் கொடுத்துச் சேமித்தாள். இப்போது ஆஃப் பண்ணு என்றேன்.

அவள் கை தானாகப் பையில் ஃபோனைத் தேடிப் போனது. நான் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்தாள், அப்புறம் ஆஃப் பண்ணினாள். திரை கறுப்பானது. கடைக்காரர் என்னவோ ரிப்பேர் என்று நினைத்து எழுந்து வந்தார், ஒன்றுமில்லை என்று அனுப்பினேன். மறுபடி ஆன் பண்ணச் சொன்னேன். பழைய மெஷின், உயிர் வர நேரம் எடுத்தது. வந்ததும் அவளே திறந்தாள். அட்டவணை அங்கேயே இருந்தது. ஒரு கட்டம்கூடக் குறையவில்லை. அவள் கர்சரை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு போய்க் கடைசிக் கூட்டல் வரை பார்த்தாள். என்னைக் கேட்காமலே இன்னொரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் இருந்தது.

நான் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கல்லூரியை, துறைத் தலைவரை, என்னை, யாரையாவது வாய்க்கு வந்தபடி திட்டினால் நானும் சேர்ந்து திட்டலாம் என்றிருந்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள்.

“அப்போ நீங்க கிளாஸ்ல சொன்னது நெசம்தானா மிஸ். பரிச்சைக்கு எழுதறதுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”